கயிற்றை அவிழ்த்த பிறகு: நாயின் வேட்டையுணர்வை ஆள முடியுமா?

திறந்த வெளியில் கயிற்றை அவிழ்த்துவிடுவது நாய்க்குத் தரும் நன்மை பெரிது. தன் வேகத்துக்கு ஓடலாம். பிடித்த இடத்தில் நின்று மோப்பம் பிடிக்கலாம். மனிதக் கால்களின் நடைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் புதரிலிருந்து ஒரு முயல் கிளம்பிவிட்டால் எல்லாம் மாறிவிடுகிறது. வீட்டில் பெயர் சொன்னதும் ஓடிவரும் அதே நாய், தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஓட்டம் நெடுஞ்சாலையில் முடியலாம். சினை ஆடுகள் மேயும் காட்டில் முடியலாம். தரையில் அடைகாக்கும் பறவையின் மேல் முடியலாம்.

இதற்கு என்ன செய்வது என்று வேட்டைக்காரர்கள், ராணுவப் பயிற்சியாளர்கள், விலங்கு நடத்தை அறிஞர்கள், சட்டம் இயற்றுவோர் எனப் பலரும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை சொல்லிவருகிறார்கள். பணியவை என்பது ஒரு விடை. அஞ்சவை என்பது இன்னொன்று. பரிசு கொடுத்துத் திருப்பு, மாற்று வழியில் நிறைவேற்று, வாய்ப்பே கொடுக்காதே என்பவை மற்றவை. இந்த ஐந்து நிலைப்பாடுகளும் எங்கே பிறந்தன, எதில் வலுவானவை, எங்கே தடுமாறுகின்றன என்று வரிசையாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், வேட்டையுணர்வு என்று நாம் சொல்வது எதை என்பதில் தெளிவு வேண்டும்.

வேட்டை ஒரே செயல் அல்ல

அமெரிக்க விலங்கியலாளர் வாலஸ் கிரெய்க் 1918இல் ஓர் அடிப்படையான வேறுபாட்டை முன்வைத்தார். இயல்பூக்கச் செயல்களில் தேடும் கட்டம் வேறு, தேடியதை அடைந்து முடிக்கும் கட்டம் வேறு என்றார். அவருக்குப் பின் வந்த கொன்ராட் லோரன்ஸ், இயல்பூக்கத்தின் உந்துதல் உடலுக்குள் சேர்ந்துகொண்டே போகும், தக்க தூண்டுதல் கிடைத்ததும் வெளிப்படும் என்று விளக்கினார். உந்துதலைத் தொட்டியில் சேரும் நீராகக் காட்டும் இந்தப் படம் இன்றும் நாய் வளர்ப்போர் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ‘நன்றாக ஓடவிட்டால் அடங்கிவிடும்’ என்ற நம்பிக்கைக்கு அதுவே வேர்.

ஜெர்மானிய ஆய்வாளர் பால் லேஹவுசன் பூனைகளைக் கவனித்து வேறொன்றைக் கண்டார். பதுங்குதல், பிடித்தல், கொல்லுதல், தின்னுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேட்கை இருக்கிறது. வயிறு நிறைந்த பூனையும் பதுங்குகிறது. கொல்ல விரும்பாத பூனையும் துரத்துகிறது. பசி தீர்ந்தால் வேட்டை தீரும் என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. வயிறு நிறையச் சோறு போட்ட நாயும் அணிலைத் துரத்துவது ஏன் என்பதற்கு விளக்கமும் இங்கே கிடைக்கிறது.

நாய்களுக்கு இதை விரித்துச் சொன்னவர்கள் ரேமண்ட், லோர்னா காப்பிங்கர் தம்பதியர். 2001இல் வெளியான தங்கள் நூலில் வேட்டையை ஒரு சங்கிலியாக வகுத்தார்கள்: கவனம் திரும்புதல், உற்றுநோக்கல், பதுங்கி நெருங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லும் கடி, கிழித்தல், தின்னுதல். மனிதன் நாய் இனங்களை உருவாக்கியபோது இந்தச் சங்கிலியின் சில கண்ணிகளை வலுவாக்கினான், சிலவற்றை மங்கச் செய்தான் என்பது அவர்கள் வாதம். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் உற்றுநோக்கலும் பதுங்கலும் துரத்தலும் மிகை. கொல்லும் கடி தணிந்திருக்கிறது. ரிட்ரீவர் கவ்வும், ஆனால் சிதைக்காமல் கொண்டுவரும். மந்தைக் காவல் நாயிடம் இந்தச் சங்கிலி பெரும்பாலும் வெளிப்படுவதே இல்லை.

இன்னொரு உண்மையும் இதோடு சேர்கிறது. பூனைகளின் மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியை மின்சாரத்தால் தூண்டிய வாஸ்மனும் ஃபிளினும், சினத்தோடு சீறித் தாக்குவதும் சத்தமின்றி இரையைக் கடிப்பதும் இருவேறு தாக்குதல்கள் என்று 1962இல் காட்டினர். யாக் பாங்க்செப் பின்னர் விவரித்த ‘தேடல் அமைப்பு’, இரை தேடும் ஆர்வத்தை மூளையின் டோபமைன் பாதைகளோடு இணைத்தது. இதன்படி, துரத்தும் நாய் கோபத்தில் இல்லை. அது மூர்க்கமான நாயாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. துரத்துவதே அதற்குக் கிடைக்கும் பரிசு. முயல் தப்பித்துவிட்டாலும் அந்தப் பரிசு கிடைத்துவிடுகிறது. எந்தப் பயிற்சி முறையும் எதிர்கொள்ள வேண்டிய முதல் சிக்கல் இதுதான்.

இனம் எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு?

வேட்டையுணர்வு ரத்தத்தில் ஊறியது என்பவர்களுக்கும் வளர்ப்பில் வருவது என்பவர்களுக்கும் இடையிலான வாதத்தில், அண்மைக் காலத்தின் இரண்டு பெரிய ஆய்வுகள் முதல் பார்வைக்கு எதிரெதிராக நிற்கின்றன.

இவான் மக்லீனும் கூட்டாளிகளும் 2019இல் 101 இனங்களின் மரபணுத் தரவுகளையும் உரிமையாளர்கள் நிரப்பிய நடத்தை வினாத்தாள்களையும் ஒப்பிட்டனர். இனங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் மரபின் பங்கு மிகுதியாகத் தெரிந்த பண்புகளில் துரத்தலும் ஒன்று. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்தது. தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டையே இனத்தால் விளக்க முடிகிறது என்பது அதன் முடிவு.

இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியும். முதலாவது இனங்களின் சராசரிகளை ஒப்பிட்டது. இரண்டாவது ஒவ்வொரு நாயையும் பார்த்தது. கிரேஹவுண்ட் இனம் பொதுவாகத் துரத்தும் என்று சொல்ல இடமுண்டு. இந்தக் குறிப்பிட்ட கிரேஹவுண்ட் துரத்துமா என்பதை இனத்தின் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நடைமுறையில் இதற்கு இரு விளைவுகள் உண்டு. ‘இந்த இனம் இப்படித்தான்’ என்று பயிற்சியைக் கைவிடுவது தவறு. ‘என் நாய் அந்த இனமே இல்லை’ என்று அசட்டையாக இருப்பதும் தவறு.

கருத்தடை செய்தால் வேட்டை குறையும் என்ற பேச்சும் பரவலாக உள்ளது. ஆண் நாய்கள் துணை தேடி அலைவதைக் கருத்தடை குறைக்கிறது என்பதற்குப் பழைய ஆய்வுகளிலேயே சான்று உண்டு. இரையைத் துரத்துவது பாலுணர்வால் எழும் நடத்தை அல்ல. ஆகவே அந்தப் பலனை இங்கேயும் எதிர்பார்ப்பதற்கு அடிப்படை குறைவு.

முதல் விடை: பணியவைத்தல்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துப்பாக்கி வேட்டைக்குப் போன நாய்களிடம் ஒரு விந்தையான எதிர்பார்ப்பு இருந்தது. இரையை அவை வெறியோடு தேட வேண்டும். ஆனால் பறவை சடசடத்து எழும்போதும் துப்பாக்கி வெடிக்கும்போதும் இருந்த இடத்திலிருந்து அசையக் கூடாது. 1848இல் வெளிவந்த வில்லியம் ஹட்சின்சனின் பயிற்சி நூல் இந்த மரபின் செவ்வியல் நூல்களில் ஒன்று. 1865இல் பெட்ஃபோர்ட்ஷயரின் சவுத்ஹில்லில் வேட்டை நாய்களுக்கான களப்போட்டி நடந்தது. அத்தகைய போட்டிகளில் முயல் ஓடும்போது பின்னால் ஓடிய நாய் தோற்றது. ஜெர்மனியில் 1910இல் வெளியான கொன்ராட் மோஸ்டின் கையேடு, வற்புறுத்தலை மையமாக வைத்த பயிற்சியை முறைப்படுத்தியது. விசில் ஒலித்ததும் எந்த நிலையிலும் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும் என்ற கட்டளை, ஜெர்மானிய வேட்டை மரபில் இன்றும் உண்டு.

இந்த மரபின் வலு, அது அன்றாடம் களத்தில் சோதிக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. வேட்டையுணர்வு மிகுந்த நாயும் கட்டுப்பாட்டோடு இருக்க முடியும் என்பதற்கு அந்த நாய்களே சாட்சி. ‘திரும்பி வா’ என்பதைவிட ‘நில்’ அல்லது ‘படு’ என்பது ஓடும் நாய்க்கு எளிது என்ற அவர்களுடைய அனுபவ ஞானமும் இன்றைய பயிற்சியாளர் பலருக்குக் கொடை. இரைக்கு முதுகு காட்டி வரச் சொல்வது ஒன்று. இரையைப் பார்த்தபடியே நிற்கச் சொல்வது வேறொன்று.

பலவீனங்களும் வெளிப்படை. அடி, முள்பட்டை, கயிற்றைச் சுண்டி இழுத்தல் ஆகியவை அந்தப் பயிற்சியின் பகுதிகளாக இருந்தன. தேறாத நாய்கள் கழிக்கப்பட்டதால், வெற்றி பெற்றவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாய்க்கு நிற்பதற்கான கூலி வேட்டையிலேயே கிடைத்தது. நின்றால் பறவை சுடப்படும். பின் அதை எடுத்துவர அனுப்புவார்கள். மாலையில் அரைமணி நேரம் நடக்க வரும் வீட்டு நாய்க்கு அந்தக் கூலி இல்லை.

இரண்டாம் விடை: அச்சத்தால் தடுத்தல்

1960களின் அமெரிக்காவில் வேட்டை நாய்களுக்காக வந்த மின்னதிர்ச்சிப் பட்டை, தண்டனையைத் தொலைவுக்கும் கொண்டுபோனது. அதைச் சுற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆதரிப்போர் காட்டும் சான்றுகளைப் புறந்தள்ள முடியாது. நார்வேயில் ஆடுகளைத் துரத்தும் வேட்டை நாய்களிடம் நடந்த ஆய்வுகளில், அதிர்ச்சி பெற்றவை மறு ஆண்டிலும் ஆடுகளிடம் ஆர்வம் குறைந்து காணப்பட்டன. நியூசிலாந்தில் கிவிப் பறவைகள் வாழும் பகுதிகளுக்கு வேட்டைக்குப் போகும் நாய்களுக்கு, பதப்படுத்திய கிவி உடலையோ மாதிரியையோ நெருங்கும்போது அதிர்ச்சி தந்து பழக்குகிறார்கள். பயிற்சிப் பொருளை அந்நாய்கள் பிறகும் தவிர்ப்பதாக அங்கே நடந்த ஆய்வு சொல்கிறது. 2024இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான்சனும் கிளைவ் வின்னும் 19 நாய்களிடம் ஓடும் பொய் இரையை வைத்துச் சோதித்தனர். பட்டை அணிந்தவை விரைவில் துரத்தலை நிறுத்தின. உணவுப் பரிசு பெற்றவை அந்தக் குறுகிய பயிற்சிக் காலத்துக்குள் நிறுத்தவில்லை.

எதிர்ப்போரின் சான்றுகளும் வலுவானவை. ஹன்னோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஷால்கேயும் கூட்டாளிகளும் 14 பீகிள் நாய்களிடம் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. பொய் இரையைத் தொட்ட அதே நொடியில் அதிர்ச்சி பெற்ற நாய்களிடம் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் பெரிதாக உயரவில்லை. அழைப்புக்கு இணங்காததற்காக அதிர்ச்சி பெற்றவற்றிடமும், காரணம் புரியாத வகையில் பெற்றவற்றிடமும் அது கணிசமாக உயர்ந்தது. அதாவது, எதற்காக வலித்தது என்று நாய்க்குத் தெளிவாகத் தெரியாதபோது துன்பம் கூடுகிறது. ஆய்வகத்தில் சாத்தியமாகும் நொடித் துல்லியம், மரங்களுக்கு இடையே நூறு மீட்டர் தள்ளி ஓடும் நாயிடம் எத்தனை பேருக்குக் கைகூடும் என்பது நியாயமான கேள்வி. வலித்த நொடியில் அருகே ஒரு குழந்தை நின்றிருந்தால், நாய் அந்த வலியைக் குழந்தையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

பிரிட்டனில் லிங்கன் பல்கலைக்கழகக் குழு, அழைத்தால் வராதது, கால்நடைகளைத் துரத்துவது ஆகிய சிக்கல்கள் உள்ள 63 வீட்டு நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பயிற்றுவித்தது. 2014இல் வெளியான முடிவின்படி, பட்டை பயன்படுத்தியதால் சீரான கூடுதல் பலன் ஏதும் இல்லை; பதற்றத்தின் அறிகுறிகள் மட்டும் கூடின. ஜெர்மனியில் 2006இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இப்பட்டையின் பயன்பாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வேல்ஸ் 2010இல் தடை செய்தது.

அரிசோனா ஆய்வும் லிங்கன் ஆய்வும் முரண்படுவதற்கு அவற்றின் அமைப்பே பெரும் காரணம் எனத் தோன்றுகிறது. ஒன்று சில அமர்வுகளுக்குள் பொய் இரையைத் துரத்தாமல் நிறுத்துவதை அளந்தது. மற்றொன்று நாள்கணக்கில் அழைப்புக்கு இணங்குவதை அளந்தது. விரைந்து நிறுத்தும் கருவி எது என்பதும், நாயின் நலனுக்குக் கேடின்றிப் போதுமான கட்டுப்பாட்டைத் தரும் வழி எது என்பதும் ஒரே கேள்வி அல்ல.

சங்கிலிக் கருத்தை நினைவூட்டும் பழைய சோதனை ஒன்றும் உண்டு. 1974இல் கஸ்டாவ்சனும் கார்சியாவும் குமட்டல் தரும் லித்தியம் குளோரைடு கலந்த இறைச்சியைக் கயோட்டி நரிகளுக்குக் கொடுத்து, ஆட்டின் மேல் வெறுப்பு வரவைக்க முயன்றனர். பின்னர் மற்றவர்கள் செய்த சோதனைகள் சிலவற்றில், அவை அந்த இறைச்சியைத் தின்ன மறுத்தும் உயிருள்ள ஆட்டைக் கொல்வதை விடவில்லை. தின்னும் கண்ணியில் விழுந்த அடி, துரத்தும் கண்ணியை எட்டவில்லை.

மூன்றாம் விடை: பரிசும் அழைப்பும்

இன்றைய பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் சேர்ந்திருக்கும் பக்கம் இது. அழைப்பு ஒலியோடு நாய் மிக விரும்பும் உணவை ஆயிரம் முறை இணைத்து, கவனச் சிதறலைப் படிப்படியாகக் கூட்டி, இரை இருக்கும் இடத்திலும் பதில் வரும்படி பழக்குவது இதன் சாரம். பயிற்சிக் காலம் முழுக்க நாயின் உடலில் மார்புப் பட்டையும் பத்து மீட்டர் நீளக் கயிறும் இருக்கும். நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டுவதில்லை. முழு வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் முடிவில் சட்டென்று நின்றால் கழுத்தில் விழும் இழுப்பு கடுமையானது.

இம்முறையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் முடிவாகின்றன. இரை இருப்பதை உணர்ந்த நாயைக் கூர்ந்து பார்த்தால் அது புரியும். நடை நிற்கிறது. திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது, மூச்சிரைப்பு ஓய்கிறது. காதுகள் முன்னே நிமிர்கின்றன. உடலின் பாரம் முன்னங்கால்களுக்கு நகர்கிறது. சில நாய்கள் ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி நிற்கும். வால் ஆடாமல் விறைக்கிறது. இந்த உற்றுநோக்கும் கட்டத்தில் குரல் இன்னும் காதுக்குப் போகிறது. பின்னங்கால் மண்ணை உந்திவிட்டால், அதே குரலுக்கு மதிப்புப் பெரிதும் குறைந்துவிடுகிறது. கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடப்பவர் இழப்பது இந்த நொடிகளைத்தான்.

பரிசு முறையின் கோட்பாட்டுச் சிக்கலை 1961இலேயே கெல்லர், மரியன் பிரிலண்ட் தம்பதியர் எழுதிவிட்டனர். உணவுப் பரிசால் பழக்கப்பட்ட ரக்கூன்கள் காசை உண்டியலில் போடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தன; பன்றிகள் மரக்காசை மூக்கால் மண்ணில் கிளறின. பழக்கியது எதுவானாலும், காலப்போக்கில் விலங்கு தன் இயல்பூக்கத்தின் பக்கம் சாய்கிறது. முயலைத் துரத்தும் இன்பத்துக்கு முன் ஒரு துண்டு கோழி ஈரல் தோற்கலாம் என்பது பரிசு முறையை ஆதரிப்போரும் மறுக்காத உண்மை.

பரிசின் வகையை மாற்றுவது அவர்கள் தரும் பதில். அதிகம் விரும்பும் செயலைக் குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று டேவிட் பிரிமாக் 1959இல் சொன்ன கொள்கை இங்கே துணைக்கு வருகிறது. திரும்பிப் பார்த்தால் ஈரல் மட்டும் கிடைக்காது. முயல் கிளம்பிய இடத்தை மோப்பம் பிடிக்கும் அனுமதியும் கிடைக்கும். இம்முறை நாயின் நலனுக்கு ஏற்றது என்பதில் ஐயம் குறைவு. ஆனால் கேட்கும் காலமும் கவனமும் அதிகம். இதன் பலனை அளந்த ஆய்வுகள் பலவும் பொதுவான கீழ்ப்படிதலைத்தான் சோதித்தன. கண்முன்னே மான் ஓடும் சூழலை அல்ல.

நான்காம் விடை: மாற்று வேட்டை

ஜெர்மனியில் கடந்த இருபது ஆண்டுகளாக வளர்ந்துவந்த ஒரு பயிற்சி மரபு, அடக்குவதை விட்டு நிறைவேற்றுவதைப் பேசுகிறது. சிமோன் முல்லர் போன்ற பயிற்சியாளர்கள், வேட்டைச் சங்கிலியின் ஆபத்தில்லாத கண்ணிகளை மனிதனோடு சேர்ந்து அனுபவிக்க நாய்க்கு வாய்ப்புத் தரச் சொல்கிறார்கள். மானைக் கண்டு அசையாமல் நின்று பார்ப்பதே பாராட்டுக்குரிய செயலாகிறது. துரத்தும் வேட்கை, நீண்ட கழியில் கட்டிய பொம்மையை விரட்டுவதில் செலவாகிறது. மோப்பத்துக்கு, ஒளித்துவைத்த பொருளைத் தேடும் விளையாட்டு.

காப்பிங்கர்களின் சங்கிலியையும் லேஹவுசனின் தனித்தனி வேட்கைகளையும் வைத்துப் பார்த்தால் இது பொருந்தி நிற்கிறது. ஒரு கண்ணியை நிறைவேற்றினால் மற்றொன்றின் பசி தீராது என்பதால், ஒவ்வொரு நாய்க்கும் மிகையாக உள்ள கண்ணி எதுவோ அதற்கேற்ற விளையாட்டு வேண்டும் என்ற அவர்களின் வற்புறுத்தல் நியாயமானது.

சிக்கல் ஓரிடத்தில் வருகிறது. தினமும் நூறு முறை பந்தை வீசித் துரத்தவிட்டால் துரத்தும் வேட்கை தணியுமா, வளருமா? லோரன்ஸின் தொட்டி நிரம்பி வழிவது உண்மையென்றால் தணிய வேண்டும். பழகப் பழகச் செயல் வலுப்பெறும் என்ற கற்றல் கோட்பாடு உண்மையென்றால் வளர வேண்டும். பயிற்சியாளர்கள் இரு தரப்பிலும் உறுதியாகப் பேசுகிறார்கள். அந்த உறுதிக்கு ஈடான சான்று இரு தரப்பிலும் குறைவு.

பூனைகளைப் பற்றிய ஓர் ஆய்வு மறைமுகமாக உதவுகிறது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் செச்செட்டியும் கூட்டாளிகளும் 2021இல் வெளியிட்ட சோதனையில் 355 பூனைகள் பங்கேற்றன. தினமும் 5 முதல் 10 நிமிடம் வேட்டை போன்ற விளையாட்டு ஆடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 விழுக்காடு குறைந்தது. இறைச்சி மிகுந்த, தானியம் சேராத உணவு உண்டவற்றிடம் 36 விழுக்காடு குறைந்தது. கழுத்தில் கட்டிய மணியால் பலன் காணப்படவில்லை. நாய் கூட்டமாக ஓடி வேட்டையாடும் குலத்தது, பூனை தனியே பதுங்கும் குலத்தது என்பதால் இம்முடிவை அப்படியே மாற்றிப் பொருத்த முடியாது. ஆயினும் மாற்று விளையாட்டு உண்மையான வேட்டையைக் குறைக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இது ஓரளவு ஊக்கம் தருகிறது. முழுதாக நிறுத்தும் என்ற வாக்குறுதியை அது தரவில்லை.

ஐந்தாம் விடை: இடத்தையும் பருவத்தையும் ஆளுதல்

மேற்கண்ட நான்கும் நாயை மாற்றப் பார்க்கின்றன. ஐந்தாவது, நாய் இரையைச் சந்திக்கும் வாய்ப்பை மாற்றப் பார்க்கிறது. பெரும்பாலும் இது சட்டத்தின் வடிவில் வருகிறது. இங்கிலாந்தில் பொதுமக்களுக்குத் திறந்த மேட்டுநிலங்களிலும் புல்வெளிகளிலும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் வைத்திருக்க வேண்டும். நார்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 20 வரை கட்டுப்பாடு. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை. எல்லாமே குட்டி ஈனும், கூடு கட்டும் காலங்கள். பிரிட்டனின் 1953ஆம் ஆண்டுக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம், பின்வந்த திருத்தத்தோடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆடுகள் நிற்கும் வயலில் கயிறோ நெருங்கிய கட்டுப்பாடோ இல்லாமல் நாய் இருப்பதே குற்றமாகலாம், கடித்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கடுமை ஏன் என்பதற்கு நியூசிலாந்தின் வைட்டாங்கி வனம் பதில் சொல்கிறது. 1987இல் அங்கே சுற்றித்திரிந்த ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய், சில வாரங்களுக்குள் சுமார் 900 கிவிகளில் 500ஐக் கொன்றிருக்கலாம் என்று அங்கு ஆய்வு செய்துவந்த மைக்கேல் டபோர்ஸ்கி கணித்தார். ரேடியோ கருவி பொருத்தியிருந்த 24 பறவைகளில் 13 இறந்ததால்தான் விஷயமே வெளியில் தெரிந்தது. உலக அளவில், 2017இல் வெளியான டோஹர்ட்டி குழுவின் தொகுப்பு, வீட்டு நாய்களால் அச்சுறுத்தலுக்கு உள்ளான முதுகெலும்பு உயிரினங்கள் 188 என்று கணக்கிட்டது.

துரத்தாத நாயும் தொந்தரவுதான் என்ற வாதமும் உண்டு. சிட்னி அருகே பாங்க்சும் பிரையன்ட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கயிற்றில் கட்டிய நாய்களோடு நடந்துபோன பாதைகளில் பறவை வகைகள் 35 விழுக்காடும் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்தன.

இவ்விடையின் பலவீனம், அது நாய்க்குத் தேவையான ஓட்டத்தையும் தேடலையும் கணக்கில் எடுப்பதில்லை என்பது. வேலி போட்ட ஓட்டக்களங்கள் போதிய அளவில் இல்லாத ஊரில் கயிறு என்பது சிலவேளை ஆயுள் தண்டனையாகிவிடும். கண்காணிப்பு இல்லாத இடங்களில் விதிகள் காகிதத்தில் நின்றுவிடுவதும் உண்டு. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். செக் நாட்டுக் காடுகளில் 27 வேட்டை நாய்களுக்குக் கருவி பொருத்தி 600க்கும் மேற்பட்ட ஓட்டங்களைப் பதிந்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, மோப்பத்தின் பின்னே ஓடிய நாய்கள் உரிமையாளரிடம் திரும்பும் வழிகளை வரைபடமாக்கியது. சில தம் தடத்தைப் பின்பற்றின. சில புது வழியில் வந்தன. ஓடிப்போவது என்றால் தொலைந்துபோவது என்றே பொருளல்ல. ஆனால் அந்த ஓட்டத்தின் நடுவே காட்டு விலங்குக்கு என்ன நேர்ந்தது என்பது வேறு கணக்கு.

கரிசல் காட்டு நாய்களும் இந்தியச் சட்டமும்

இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி முகம் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு காலால் பிடிக்கும் நாய்கள். நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, ஆழமான மார்பு எல்லாம் கரிசல் வெட்டவெளியில் முயல் துரத்துவதற்கு வாய்த்தவை. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனவை. இப்போது இந்த இனங்கள் மீது எழுந்திருக்கும் பெருமிதத்தால் இவை நகரத்து அடுக்குமாடிகளுக்கும் வருகின்றன. காப்பிங்கர்கள் சொன்ன சங்கிலியில் துரத்தும் கண்ணி இவற்றிடம் தலைமுறைகளாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மோப்ப நாயிடம் கிடைக்கும் முன்னெச்சரிக்கையும் இவற்றிடம் குறைவு; பார்த்ததற்கும் பாய்ந்ததற்கும் இடையே உள்ள அவகாசம் மிகச் சிறிது.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதை விரிவாக வரையறுக்கிறது. கொல்வது மட்டுமல்ல, துரத்துவதும் விரட்டுவதும் அதற்கான முயற்சியும் அதில் அடங்கும். நாயை ஏவி முயல் விரட்டுவது மரபு என்ற பேரில் இன்றைக்கு ஏற்கக்கூடியது அல்ல. இந்தியாவில் நாய்கள் தாக்கிய காட்டுயிர்கள் பற்றிய தகவல்களைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வு 80 இனங்களைப் பட்டியலிட்டது; அவற்றில் 31 அழிவின் அச்சுறுத்தலில் உள்ளவை. தெருநாய்களின் பங்கு அதில் பெரிது. என்றாலும் காட்டோரப் பாதையில் அவிழ்த்துவிடப்படும் வளர்ப்பு நாயைக் காட்டு விலங்கு வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. மேலை நாட்டுப் பருவக் கட்டுப்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. புள்ளிமான் ஆண்டு முழுவதும் குட்டி ஈனும் நாட்டில், பாதுகாப்பான பருவம் என்று ஒன்றைக் குறிப்பது கடினம்.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் அருகருகே வைக்கும்போது சில முடிவுகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. வேட்டையுணர்வு ஒற்றை உந்துதல் அல்ல. ஒரு கண்ணிக்குப் பொருந்தும் முறை அடுத்த கண்ணிக்குப் பொருந்தாது. உற்றுநோக்கும் கட்டத்தில் குறுக்கிடுவது, துரத்தத் தொடங்கிய பின் நிறுத்துவதைவிடப் பன்மடங்கு எளிது. பழைய வேட்டைக்காரரும் இன்றைய பரிசுப் பயிற்சியாளரும் சந்திக்கும் புள்ளி அது. வலியால் தடுப்பது சில சூழல்களில் விரைந்து வேலை செய்கிறது. ஆனால் அதற்குத் தேவையான துல்லியம் சாதாரண உரிமையாளரிடம் எதிர்பார்க்கக் கூடியதல்ல. தவறினால் விலை கொடுப்பது நாய். வீட்டு நாய்க்குப் பரிசும் மாற்று வேட்டையும் நீளக் கயிறும் சேர்ந்த வழி, குறைந்த கேட்டுடன் போதுமான பலன் தரும் என்பதை இன்றைய சான்றுகள் ஆதரிக்கின்றன.

தீராத கேள்விகளும் உள்ளன. பொய் இரையிடம் கற்ற கட்டுப்பாடு உண்மையான இரையிடம் எவ்வளவு காலம் நிற்கும்? துரத்தும் விளையாட்டு எந்த நாயின் வேட்கையைத் தணிக்கிறது, எதனுடையதை வளர்க்கிறது? பரிசு முறையை உரிய கால அளவோடும் உரிய திறனோடும் நடத்தி, மின்பட்டையோடு நேர்மையாக ஒப்பிட்டால் என்ன தெரியவரும்? பார்த்ததும் பாயும் தென்னிந்திய வேட்டை இனங்களில் எந்த முறை எவ்வளவு பலன் தரும்? அழைத்தால் எத்தனை விழுக்காடு திரும்பினால் ஒரு நாயை நம்பலாம் என்பதற்கும் இதுவரை ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. பத்து முறையில் ஒன்பது முறை திரும்பும் நாயைப் பாராட்டுகிறோம். கூட்டில் இருக்கும் பறவைக்குப் பத்தாவது முறைதான் முக்கியம்.

இந்த ஆய்வுகள் எதுவும் தொடாத ஒரு தீர்ப்பு எஞ்சியிருக்கிறது. அது அறம் சார்ந்தது. கயிற்றை அவிழ்ப்பதால் வரும் மகிழ்ச்சி நாய்க்கும் மனிதனுக்கும் போகிறது. கணிப்பு பொய்த்தால் வரும் இழப்பு, ஒப்புதல் கேட்கப்படாத மூன்றாவது உயிருக்குப் போகிறது. ஆகவே ஐயத்துக்கு இடமுள்ள இடத்தில் தன் நாய் திரும்பி வரும் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவிழ்ப்பவருடையது. அதுவரை நீளக் கயிறு நாயின் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. வேலி போட்ட ஓட்டக்களங்களை ஊருக்கு ஊர் கேட்டுப் பெறுவதும் அதே பொறுப்பின் மறுபாதி.